கடிக்கும் பிள்ளையோடு கொழும்பில்: எங்கே போவது, எந்த வரிசையில் போவது

மகனுக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும். வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் சேர்த்து மூன்றாவது கிழமை. அழைத்துவரப் போன என்னைக் கதவடியிலேயே நிறுத்தி, ஆசிரியை தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இன்னொரு பிள்ளையின் முன்கை. மேலே நான்கு பல், கீழே நான்கு பல், முத்திரை குத்தியதுபோல் சிவந்து கிடந்தது. "இந்தக் கிழமையில் இது மூன்றாவது, அம்மா" என்றார். எனக்குப் பின்னால் நின்ற தாய்மார் நிலத்தைப் பார்த்தார்கள்.

அன்று தொடங்கி எட்டு மாதம் அலைந்தேன். அம்மம்மா நாவூறு கழித்தார். செத்தல் மிளகாய் நெடியில் நாங்கள்தான் இருமினோம், அவன் கைதட்டினான். பிறகு பெயர் பெற்ற ஒரு தனியார் வைத்தியர். ஆறு நிமிடத்தில் பிள்ளைக்கு ஒரு நோயின் பெயரும் ஒரு சிரப்பும் தந்து அனுப்பினார். பிறகு ஆளுக்கோர் ஆலோசனை. கடைசியாகப் போன இடம் காதுப் பரிசோதனை. முதலாவதாகப் போயிருக்க வேண்டிய இடமும் அதுதான். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. இத்தனை நாளும் அவனுக்கு எங்கள் பேச்சு தலையணைக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்டிருக்கும். சரியாகக் கேட்காததால் பேச்சு வரவில்லை. பேச்சு வராததால் பல் பேசியது.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் காதாக இராது. ஆனால் விசாரிக்க வேண்டிய வரிசை ஏறத்தாழ ஒன்றே. கீழே வரும் செலவுகள் 2024 இல் என் கைப்பையிலிருந்து போனவை. நீங்கள் போகும்போது கூடியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வயதைக் கணக்கிடுங்கள்

இரண்டு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில்தான் மனிதர் வாழ்நாளில் அதிகம் அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும். கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து கண்டது இது. பிள்ளைகள் அடிப்பதற்குப் பழகுவதில்லை. அடிக்காமல் இருப்பதற்குத்தான் பழகுகிறார்கள். பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பழகிவிடுகிறார்கள். சிலர் பழகத் தாமதிக்கிறார்கள்.

ஆகவே இரண்டரை வயதுப் பிள்ளை எப்போதாவது கடித்தால் கோப்புத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான்" என்ற சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கவும் வேண்டாம்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை, முன்பு பேசிய சொற்கள் மறைந்து போதல், தன்னையே அடித்துக்கொள்ளுதல், நான்கு வயது தாண்டியும் அநேகமாக நாள் தவறாமல் அடிதடி.

பெண்பிள்ளை என்றால் இந்தச் சமாதானமும் கிடையாது; நேரே "வளர்ப்புச் சரியில்லை" என்பார்கள். அதையும் கேட்காதீர்கள்.

2. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பி

வைத்தியரைப் பார்க்க முன் செய்ய வேண்டியது இது. நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விடயம் எழுதுங்கள்: சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அதில் நம் பெயர் வருகிறது.

என் கொப்பியிலிருந்து இரண்டு வரி:

"செவ்வாய் 11.40. பின்னால் நின்று 'காரைத் தம்பிக்குக் கொடு' என்றேன். திரும்பவில்லை. காரை வாங்கினேன். என் கையைக் கடித்தான். நான் கத்தினேன்."

"வியாழன் 5.15. மின்தூக்கியில் சனம். பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தைக் கிள்ளினார். அவரைக் கடித்தான். நான் அவன் கையில் அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை நிற்கத் தொலைபேசி கொடுத்தேன்."

பதினான்கு நாள் எழுதிவிட்டுப் புரட்டியபோது தெரிந்தது: முகத்துக்கு நேரே நின்று சொன்னால் பிரச்சினை குறைவு, பின்னாலிருந்து சொன்னால் அதிகம். சத்தம் நிறைந்த இடங்களில் இன்னும் அதிகம். பசி, தூக்கக் கலக்கம் என்றும் வரும். உங்கள் கொப்பி வேறெதையாவது சொல்லலாம். முடிந்தால் ஒன்றிரண்டு காணொளியும் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு முன்னால் நம் பிள்ளை எப்போதும் புத்தரைப்போல் அமர்ந்திருக்கும்.

3. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரே கோப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. நான் ஒரு காகிதத்துக்காகப் பொரளை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து, அன்றைய நம்பரையும் இழந்தவள்.

கிளினிக் கொப்பி, அதாவது பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேடு, எல்லாவற்றிலும் முக்கியம். நிறை, உயரம், தடுப்பூசி மட்டுமல்ல, எந்த மாதத்தில் எதைச் செய்தது என்ற வளர்ச்சிப் பக்கங்களும் அதில் உண்டு. அந்தப் பக்கங்களை நிரப்பாமல் விட்டிருந்தால், பழைய காணொளிகளின் திகதியைப் பார்த்து இப்போது நிரப்புங்கள். ஊகத்தில் எழுதாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. பிரசவத்தின்போது வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்; குறைமாதமா, பிறப்பு நிறை என்ன, பிறந்தபின் தனியறையில் வைத்தார்களா என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு காய்ச்சல், வலிப்பு என்று தங்கியிருந்தால் அந்த அட்டைகளும். முன்பள்ளியிலிருந்து ஒரு சிறு கடிதம். உங்கள் இரண்டு கிழமைக் கொப்பி.

இன்னொரு தாளும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலத்தில் வீட்டில் புகைப்பிடித்தார்களா, பிரசவத்துக்குப் பிறகு தாய் மனம் சோர்ந்து கிடந்தாரா, வீட்டில் சண்டை உண்டா, பிள்ளையைப் பகலில் யார் பார்க்கிறார்கள், எத்தனை தடவை வீடு மாறியது. இவற்றில் ஒவ்வொன்றும் பிள்ளையின் கோபத்தோடும் தன்னடக்கத்தோடும் தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தனியாக எதுவும் விதியை எழுதுவதில்லை. மாமியாருக்கு முன்னால் இவற்றுக்குப் பதில் சொல்வது கடினம். அதனால்தான் தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

4. பகுதிக் கிளினிக்கில் தொடங்குங்கள்

கொழும்பில் நம்மில் பலர் தடுப்பூசியைக்கூடத் தனியாரில் போட்டுவிட்டுப் பகுதிக் கிளினிக்கை மறந்துவிடுகிறோம். நானும்தான். கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு வந்த மருத்துவ மாதைத் திரும்பத் தேடிப் பிடியுங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் தடுப்பூசி உண்டு. அந்த நாட்களில் வளர்ச்சி பற்றிக் கேட்பது மிக இயல்பு. ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவராமல், "கேட்டலும் பேச்சும் சரியா என்று பார்க்க வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். "குழப்படி" என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

செலவு எதுவும் இல்லை. ஒரு காலை நேரம் போகும். அங்குள்ள வைத்திய அதிகாரி தரும் கடிதம் பின்னால் பல கதவைத் திறக்கும்.

5. காது

இதை விட்டுவிட்டு ஆறாவது படிக்குப் போகாதீர்கள்.

நான் ஏமாந்தது இப்படி: கதவு மணி அடித்தால் ஓடுவான், ரயில் போனால் யன்னலுக்குப் போவான். ஆகவே கேட்கிறது என்று நினைத்தேன். நடுச்செவியில் நீர் இருந்தால் பிள்ளை முழுச் செவிடாக இராது. பெரிய சத்தம் கேட்கும். "ச", "ப", "த" போன்ற மெல்லிய ஒலிகள் தவறிப்போகும். சளி பிடித்த கிழமை மோசமாகும், அடுத்த கிழமை தேறும். அதனால் அது பிடிவாதம் போலவே தோன்றும். "தனக்கு வேண்டியது மட்டும் கேட்கிறது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனை ஒன்றல்ல. 'டிம்பனோமெட்ரி' என்பது காதில் ஒரு சிறு முனையை வைத்துச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. சில நிமிடம்தான், பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை, வலிக்காது. கேட்கும் அளவைப் பார்க்க, ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடைக்குள் போடச் சொல்லும் விளையாட்டுப் பரிசோதனை உண்டு. மூன்று வயதை நெருங்கிய பிள்ளைகளுக்கு அது சரிவரும். அதற்கும் அடங்காத சிறிசுகளைத் தூங்கவைத்து, மூளைக்கு ஒலி போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியென்றால் பிள்ளையைக் களைக்கவைத்துக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் தூங்கவிட்டால் முடிந்தது. அங்கே போய் விழித்துக்கொண்டு கூத்தாடும். நான் ஒரு நாளை அப்படி வீணாக்கினேன்.

தனியாரில் சனல் செய்து, அதாவது முன்பதிவு செய்து, காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பார்க்க, வைத்தியசாலைக் கட்டணத்தோடு எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை முடிந்தது. பரிசோதனைக்குத் தனியாக ஏறத்தாழ அதே அளவு. முன்பதிவின்போதே "இரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்வீர்களா?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் செய்யும் இடத்தில் காசைக் கட்டிவிட்டு, "பிள்ளை ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிய தாளோடு திரும்பிய அனுபவமும் எனக்கு உண்டு.

நீர் இருப்பது தெரிந்தால் உடனே அறுவைச் சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும் என்பதால் காத்திருந்து மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். வற்றாமல் கேட்டலும் பாதிக்கப்பட்டிருந்தால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றிப் பேசுவார்கள். எங்களுக்கு இரண்டாவது பரிசோதனையில் ஒரு காது தெளிந்திருந்தது, அடுத்ததில் மற்றதும். காத்திருந்த அந்த மாதங்களில் நாங்கள் செய்தது: முழங்காலில் இறங்கி, முகத்தைப் பார்த்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுவது. கடி அப்போதே குறையத் தொடங்கிவிட்டது.

6. பேச்சும் மொழியும்

காது சரி, அல்லது சரியாகிவருகிறது, ஆனாலும் பேச்சு பின்தங்கியிருந்தால் பேச்சுச் சிகிச்சை. இங்கேதான் தமிழ்ப் பெற்றோருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. "வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், கீழ்வீட்டில் சிங்களம், பிள்ளை குழம்பிவிட்டது, இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் படித்தவர். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. அம்மம்மா தமிழில்தான் கொஞ்சுவார், கோபிப்பார், கதை சொல்வார். தமிழை நிறுத்தினால் ஏற்கனவே சொல் பஞ்சத்தில் இருக்கும் பிள்ளையோடு பேசும் ஆட்களின் எண்ணிக்கைதான் குறையும். அந்த ஆலோசனையைக் கேட்டு ஒரு மாதம் எங்கள் வீட்டில் உடைந்த ஆங்கிலம் ஓடியது. அம்மம்மா அந்த மாதம் முழுக்க ஊமையாக இருந்தார்.

தமிழில் சிகிச்சை தருபவர்கள் கொழும்பிலும் குறைவு. முன்பதிவுக்கு முன்பே மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்களத்தில் மட்டும் தருபவர்தான் கிடைத்தால், அவர் உங்களுக்குச் செய்முறையைக் கற்றுத்தரட்டும், வீட்டில் நீங்கள் தமிழில் செய்யுங்கள். எங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஒரு தடவைக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். அரச வைத்தியசாலையில் இலவசம், ஆனால் தவணைகளுக்கு இடையில் நாள் அதிகம். மாதம் ஒரு தடவை போய் வீட்டில் தினமும் கால் மணி நேரம் செய்பவர், கிழமைக்கு ஒரு தடவை போய் வீட்டில் ஒன்றும் செய்யாதவரைவிட முன்னுக்குப் போவார்.

கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: முதலில் கற்றுத்தரும் சொற்கள் "ஆப்பிள்", "பூனை" ஆக இருக்கக் கூடாது. "தா", "வேண்டாம்", "என்ர", "போதும்", "நில்". கடிக்கும் பிள்ளைக்கு அவசரமாகத் தேவைப்படுவது இவைதான்.

7. நடத்தைக்கான வைத்தியர்

காதும் பேச்சும் பார்த்த பிறகும் அடிதடி குறையவில்லை, அல்லது முதல் படியில் சொன்ன அறிகுறிகள் இருக்கின்றன என்றால் சிறுவர் மனநல வைத்தியர். பெயரைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். பொரளையில் உள்ள சிறுவர்களுக்கான சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலையில் இதற்கான பிரிவு உண்டு. வெள்ளவத்தைப் பக்கத்தார் 154 பஸ்ஸில் பொரளையில் இறங்கலாம். கையில் கடிதம் இல்லாவிட்டாலும் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் அங்கிருந்து கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயதி நிலையத்தில் வளர்ச்சிப் பிரச்சினை உள்ள பிள்ளைகளைப் பல துறையினரும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள்.

அரச கிளினிக் என்றால் காலையிலேயே போங்கள். தண்ணீர், பிஸ்கட், ஒரு மாற்றுடுப்பு, சத்தம் போடாத ஒரு விளையாட்டுச் சாமான். சிங்களம் ஓடாதவர்கள் ஓடும் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளையின் கோபத்தை அரைகுறை மொழியில் விவரிப்பது ஆபத்து. "அடிக்கிறான்" என்பதும் "அடித்துக்கொள்கிறான்" என்பதும் வேறு வேறு நோயறிதலுக்குக் கொண்டுபோகும்.

மூன்று வயதுக்குள் மருந்து எழுதித் தந்தால், எதற்கு, எத்தனை நாள், பக்கவிளைவு என்ன என்று கேட்காமல் எழும்பாதீர்கள். வீட்டில் கிடக்கும் சளிச் சிரப்பைக் கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். அது சில பிள்ளைகளை உறங்கவிடாமல் இன்னும் ஆட்டிவைக்கும்.

உங்களுக்கே முடியவில்லை, பிள்ளையை அடித்துவிடுவேன் போலிருக்கிறது என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். நான் ஓர் இரவு அழைத்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. முன்பள்ளியோடு பேசுவது

எங்களிடம் "சில நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்றார்கள். சில நாள் என்பது நிரந்தரம் என்று பிறகுதான் விளங்கியது. அனுமதிக் கட்டணம் திரும்பி வரவில்லை; சேர்க்கும்போது கையெழுத்திட்ட தாளிலேயே அப்படி இருந்தது, நான் வாசிக்கவில்லை.

அடுத்த முன்பள்ளியில் காசு கட்ட முன் நான்கு விடயம் கேட்டேன். ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளை? ஓட இடம் உண்டா, அல்லது வாகனத் தரிப்பிடத்தைத்தான் முற்றம் என்கிறீர்களா? ஒரு பிள்ளை அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இடையில் நிறுத்தினால் கட்டணத்துக்கு என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்கு "ஒரு தட்டுத் தட்டி மூலையில் வைப்போம்" என்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பி வந்துவிட்டேன்.

பிள்ளையின் பிரச்சினையை மறைத்துச் சேர்க்காதீர்கள். இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

9. வீடு

ஒன்பதாவதாக எழுதினாலும் முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டியது.

அடிப்பதை நிறுத்துங்கள். "அடிக்காதே" என்று சொல்லி அடிப்பதில் உள்ள வேடிக்கை என் கொப்பியில் எழுத்தில் கண்டபோதுதான் உறைத்தது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

அடுத்தது விட்டுக்கொடுக்கும் நேரம். அவன் அலறுவான், நான் தொலைபேசியைக் கொடுப்பேன், அலறல் நிற்கும். அலறினால் தொலைபேசி வரும் என்று அவன் படித்தான்; கொடுத்தால் அமைதி வரும் என்று நான் படித்தேன். இருவருக்கும் பரிசு கிடைக்கும் இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் பல குடும்பங்களைக் கவனித்து விவரித்திருக்கிறார். வெட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு எங்களுக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் பிடித்தது. நான்காம் நாள் அலறல் முன்னையைவிடக் கூடியது. அங்கேதான் எல்லோரும் தோற்கிறோம். கொடுப்பதென்றால் அலறத் தொடங்கமுன் கொடுங்கள், கொடுப்பதில்லை என்றால் கடைசிவரை கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது: இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நல்லது. தூக்கம் மூன்று, நான்கு வயதுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம், பகல் தூக்கமும் சேர்த்து. இரவு பத்தரைக்குச் சாப்பிடும் கொழும்பு வீடுகளில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உறவினர் யாராவது "மூன்று வயதில் அடங்காதவன் முப்பதிலும் அடங்கான்" என்பார்கள். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73 இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதுத் தன்னடக்கத்துக்கும் பிற்கால உடல்நலம், வருமானம், குற்றம் ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிந்தது உண்மை. இடையில் தன்னடக்கத்தை வளர்த்துக்கொண்டவர்கள் நன்றாக வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தட்டில் ஓர் இனிப்பை வைத்து, "கால் மணி நேரம் தொடாமல் இருந்தால் இரண்டு" என்று பிள்ளையைச் சோதித்துக் காணொளி எடுக்காதீர்கள். அந்தப் பிரபலமான சோதனையைக் கூடுதல் பிள்ளைகளோடு 2018 இல் மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதன் எதிர்வுகூறும் வலு பெரும்பகுதி கரைந்துவிட்டது.

காத்திருக்கப் பழக்குவதற்கு எங்கள் வீட்டில் உதவியது பிட்டுக் குழல். மாவைக் குழைப்பது அவன் வேலை, தேங்காய்ப்பூ போடுவது அவன் வேலை. பிறகு அடுப்புக்கு எட்டவாக ஒரு முக்காலியில் இருந்து, மேலே ஆவி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் அரை நிமிடத்தில் முக்காலியை உதைத்தான். இப்போது மூன்றே கால் வயது. நேற்று ஆவி வந்ததும் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நில். பிட்டு வந்திட்டுது" என்றான்.